செவிலியர் அறை

ஜோவிதா விடுவதாக இல்லை. குடிக்கட்டும், யார் வேண்டாம் என்றது, கொஞ்சம் வேகமாகக் குடித்தால் போதும் என்று ஜெசிந்தா குழந்தையின் காது மடலைப் பெருவிரலால் நீவிவிட்டாள். காதை நீவினால்தான் இழுத்துக் குடிக்கும், இல்லாவிட்டால் வாயில் வைத்தபடியே கண்ணைச் சொருகிக்கொள்ளும், எடுத்தால் வீலென்று ஊரைக் கூட்டும். ஷாப்பிங் மாலின் மூன்றாம் மாடி, தீ விபத்து என்றால் மட்டும் ஆள் இறங்குகிற படிக்கட்டு. யாரோ கவிழ்த்துப் போட்டிருந்த சோடா கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். அதன் பிளாஸ்டிக் சட்டங்கள் தொடையில் வரிவரியாகப் பதிந்துகொண்டிருந்தன. சுவரில் புதுப் பெயின்ட் வாடை. இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் குட்டிக் கோட்டை என்ற குழந்தைகள் விளையாட்டுக் கூடத்தின் திறப்பு விழா. பந்துக் குளம், சறுக்குமரம், துள்ளு மெத்தை, நடுவில் மேடை. "ஹலோ செக், ஹலோ செக், அம்மாக்கள் எல்லாரும் சத்தமா ஒரு ஓ போடுங்க!" என்று மைக்காரன் கத்தினான். ஓ போட்டார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இதே தொண்டையில் அவள் பெயரைக் கத்துவான், 'இடுப்பில் ஒரு பாப்பா' புகழ் ஜெசிந்தா அருள்தாஸ் என்று. அப்போது பாப்பா இடுப்பில் இருக்க வேண்டும். துப்பட்டாவுக்குள் குழந்தைக்கு வேர்த்தது. வேர்வையும் பாலும் பெயின்டும் கலந்து ஒரு வாடை. பால் குடுக்கிற அறை இருக்கிறது என்றுதான் விளம்பர ஏஜென்சிப் பெண் ப்ரவீணா சொன்னாள், "இந்த மாடியிலயேதாங்க்கா, நேராப் போங்க." நேராகப் போனாள். செருப்பு வைக்கிற அலமாரி, பிறந்தநாள் கூடம், அலுவலகம், செவிலியர் அறை, கழிப்பறை, சுவர். திரும்பி வந்தாள். கழிப்பறை, செவிலியர் அறை, அலுவலகம். நர்சம்மாவைக்கூட உட்கார வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் விழுந்து முட்டியைப் பேர்த்துக்கொண்டால் கட்டுப் போட, பரவாயில்லையே என்று நினைத்தாள். ஆனால் அம்மாவை எங்கே உட்கார வைப்பார்கள்? ஜோ கழுத்தை நெளித்துச் சட்டைப் பொத்தானைக் கடிக்க ஆரம்பித்த பிறகு தேட நேரமில்லை. படிக்கட்டு இருந்தது.

படிக்கட்டு ஒன்றும் புதிதில்லை. பால் கொடுக்காத இடம் எது? கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில், பஸ்ஸில் ஜன்னலோரம் அருள்தாஸின் முதுகை மறைப்பாக வைத்துக்கொண்டு, ஒரு புடவைக் கடையின் டிரையல் ரூமில், கோயில் திருவிழாவில் சப்பரத்துக்குப் பின்னால். முக்கொம்புக்குப் போன அன்றுதான் எல்லாம் ஆரம்பித்தது. பிரசவமாகி வீட்டுக்குள்ளேயே கிடந்து கிடந்து, மின்விசிறியின் மூன்று இறக்கைக்கும் பெயர் வைத்துவிட்டாள், இன்னும் ஒரு மாதம் இருந்தால் அதோடு பேசவும் ஆரம்பித்திருப்பாள். "எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க, இல்ல நான் எங்கயாச்சும் போயிருவேன்" என்று அவள் அழுததில் பயந்து, பார்சல் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அருள்தாஸ் பைக்கை எடுத்தான். அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஜோ முதல் தடவையாகக் கையைத் தட்டியது. இரண்டு கையும் ஒன்றோடொன்று சரியாகச் சேராமல், காற்றைத் தட்டுகிற மாதிரி. அன்றைக்கு வீட்டுக்கு வந்து போனிலேயே 'இடுப்பில் ஒரு பாப்பா' என்று ஒரு வலைப்பூ தொடங்கி எழுதினாள். எந்த மரத்தடியில் நிழல், எங்கே எறும்பு, துணி மாற்ற எந்தத் திண்டு வசதி, வறுத்த மீன் வாசனைக்குக் குழந்தை தும்முமா தும்மாதா. முதலில் படித்தது கூடப்பிறந்த பிலோ அக்கா ஒருத்திதான், குவைத்திலிருந்து. பிறகு யாரோ ஒருத்தி கேட்டாள், "அக்கா, அங்க பாத்ரூம்ல தாழ்ப்பாள் இருக்கா?" அதுதான். அந்த ஒரு கேள்விதான். மலையைப் பற்றி எழுதுகிறவன் இருக்கிறான், பரோட்டாவைப் பற்றி எழுதுகிறவன் தெருவுக்குத் தெரு இருக்கிறான், தாழ்ப்பாளைப் பற்றி எழுத ஓர் ஆள் வேண்டியிருந்தது. போகிற இடமெல்லாம் முதலில் கழிப்பறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். பூங்கா, மீன் காட்சி, பொருட்காட்சி, புத்தகச் சந்தை. எழுத எழுதக் கூட்டம் சேர்ந்தது. கரூரிலிருந்து ஒருத்தி, பெரம்பலூரிலிருந்து ஒருத்தி, "ஜெசி அக்கா சொன்னா சரியா இருக்கும்" என்று. பிறகு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். விழாவுக்குக் கூப்பிட்டார்கள், வாசலில் பன்னீர் தெளித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், கையில் ஒரு பை கொடுத்தார்கள். பைக்குள் சோப்பு. பேபி சோப்பு, பேபி எண்ணெய், பேபி பவுடர். பீரோவுக்கு மேல் அடுக்கி வைத்ததில் வீடே தொட்டில் மாதிரி மணத்தது. "உம் பொண்டாட்டிக்குச் சம்பளம் சோப்புல வருதுடா அருளு. மளிகைக் கடைக்காரன்ட்ட ஒரு கட்டி சோப்பக் குடுத்து ஒரு கிலோ பருப்பு கேட்டுப் பாரு" என்று அத்தை சொன்னபோது சிரிப்பு வந்துவிட்டது, அதனால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அத்தை கெட்டவள் இல்லை. அத்தைக்கு நாக்கு மட்டும் கொஞ்சம் நீளம்.

இன்றைக்குச் சோப்பு இல்லை. இன்றைக்கு வருஷ ஒப்பந்தம். குட்டிக் கோட்டையின் முகமாக ஒரு வருஷம் இருக்க வேண்டும், வாரம் ஒரு பதிவு, மாதம் பிறந்தால் வங்கியில் பணம். மாதம் பிறந்தால். அந்த வார்த்தையை நாக்கில் வைத்துப் புரட்டிப் பார்த்தாள். அருள்தாஸின் போன் மட்டும்தான் மாதம் பிறந்தால் டிங் என்று ஒலிக்கிற போன். ஜோ பிறக்கப் போகிறது என்றதும் பள்ளிக்கூட ஆபீஸ் வேலையை விட்ட நாளிலிருந்து அவள் போனில் ஒலிப்பதெல்லாம், அக்கா தாழ்ப்பாள் இருக்கா. முதல் பணம் வந்ததும் யாரிடமும் கேட்காமல் ஒன்று செய்ய வேண்டும். என்ன என்று தெரியவில்லை, கேட்காமல் என்பது மட்டும் தெரிகிறது. ஆனால் அந்த அட்டை. கைப்பைக்குள் ப்ரவீணா செருகிவிட்டுப் போன அட்டை, மேடையில் பேச வேண்டிய மூன்று வரி. பந்துக் குளத்தைப் பற்றி ஒன்று, பாதுகாப்பைப் பற்றி ஒன்று, மூன்றாவது: 'நானும் என் பாப்பாவும் இப்போதுதான் இங்குள்ள தாய்மார் அறையில் நிம்மதியாகப் பாலூட்டி வந்தோம், எவ்வளவு சுகமான அறை!' நிம்மதியாக. சோடா கிரேட் தொடையை அறுத்தது. சொல்லிவிட்டால் என்ன? அறை எங்கேயோ இருக்கத்தான் இருக்கும், அவள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதானே. கம்பெனிக்காரன் பொய்யா சொல்லுவான்? சொல்லுவான். சொன்னால் என்ன, எல்லாரும்தான் சொல்கிறார்கள், சமையல் வீடியோ போடுகிற ஒருத்தி தொடாத மசாலாவைத் தொட்டதாகச் சொல்லித்தான் வீட்டுக்கு மேல் மாடி எடுத்தாள். ஆனால் கரூர்க்காரி நம்பி வருவாள். பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பாப்பா அழ அழ இந்த மாடிக்கு வந்து, நேராப் போங்க என்பார்கள், நேராகப் போவாள். செருப்பலமாரி, பிறந்தநாள் கூடம், அலுவலகம், சுவர். பிறகு இந்தப் படிக்கட்டு. இதே கிரேட்டு. நிமிர்ந்து பெருமூச்சு விட்டபோதுதான் பார்த்தாள், மேலே மூலையில், கரப்பான்பூச்சி உட்கார்ந்திருக்கிற மாதிரி, கறுப்பாக, சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளியோடு, கேமரா.

இழுத்து மூடினாள். இழுத்த இழுப்பில் ஜோவின் வாய் நழுவியது, அது ஒரு வினாடி யோசித்துவிட்டு அலறியது. எவ்வளவு நேரமாகப் பார்க்கிறது அது? துப்பட்டா இருந்ததே. இருந்தது, ஆனால் உட்காரும்போது? எடுத்து வைக்கும்போது? ஒரு அறையில் எவனோ ஒருத்தன் டீ குடித்துக்கொண்டு பார்த்திருப்பான். டீயை வைத்துவிட்டு இன்னொருத்தனைக் கூப்பிட்டிருப்பான். ஒரு போன், பிறகு இன்னொரு போன். வலைப்பூவின் கீழே நாளைக்கு எவனாவது எழுதுவான், இடுப்பில் ஒரு பாப்பாவா என்று ஆரம்பித்து. அருள்தாஸ் பார்ப்பான். பார்சல் ஆபீசில் எல்லாரும் பார்ப்பார்கள். கேமராவை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஜோவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அலறல் கேட்டு இரும்புக் கதவு திறந்தது. காக்கிச் சட்டை போட்ட செக்யூரிட்டி ஒருவர், அவள் அண்ணாந்து நிற்பதைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். "தாயி, அது கனெக்சன் குடுக்காத கேமரா. சும்மா லைட்டு மட்டுந்தான் எரியும். நான்தான காலைல ஏணி புடிச்சேன். பயந்துராத." கையை மட்டும் நீட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "ஆனா இங்க உக்காரக்கூடாது தாயி, மேனேசர் பாத்தா என் வேல போயிரும். புள்ளைக்கு வேற எடம் பாத்துக் குடு." எடம் எங்கண்ணே இருக்கு என்று கேட்டாள். "நமக்கென்ன தெரியும், நான் காலைலதான் வந்தேன்" என்றார் சுவரிடம். பாதி வயிற்றுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தட்டிக்கொடுத்தாள். அழாதே, அழாதேடி தங்கம், அம்மா ஒரு மூணு வரி சொல்லிட்டு வந்துடறேன். மார்பின் ஒரு பக்கம் பாதி காலி, இன்னொரு பக்கம் கல்லு. நடைவழியெங்கும் பலூன் தோரணம். கழிப்பறை. செவிலியர் அறை. அந்தப் பெயரில் கால் நின்றது. செவிலியர். செவிலியர் என்றால் அவளுக்கு பிலோ அக்காதான். வெள்ளைச் சட்டை, கையில் டிரங்குப் பெட்டி இல்லை, சக்கரம் வைத்த ஊதாப் பெட்டி, ஏர்போர்ட்டில் அம்மாவின் கையில் தன் ஆறு மாதப் பையனைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். திரும்பிப் பார்த்தால் போகமாட்டேன்டி என்று அப்புறம் போனில் சொன்னாள். அங்கே விடுதியில் இராப்பகலாக நெஞ்சு கட்டிக்கொண்டு, காய்ச்சல் வந்து, குழாயடித் தொட்டியில் பீய்ச்சிவிடுவாளாம். தண்ணியைத் திறந்து விட்டுருவேன்டி, வெள்ளையாப் போறதப் பாக்கக்கூடாதுன்னு. யாருடைய குழந்தைகளுக்கோ ஊசி போட்டுக் குளிப்பாட்டி, பெயர் எழுதிய பட்டையைக் காலில் கட்டுகிற செவிலியர் பிலோமினா. பள்ளிக்கூடத்தில் தமிழ் சிஸ்டர் சொல்வார்கள், பெற்றவள் நற்றாய், பாலூட்டி வளர்த்தவள் செவிலித்தாய் என்று. பிலோ அக்கா இரண்டுமாக இருந்தும் ஒன்றாகவும் இருக்க முடியாமல். பாலூட்டி. பாலூட்டி வளர்த்தவள். எங்கோ ஒரு நூல் தட்டுப்படுகிறது, பிடிப்பதற்குள் நழுவுகிறது. டப் என்று தோரணத்தில் ஒரு பலூன் வெடித்தது. ஜோ அழுகையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது. ஜெசிந்தாவும் பார்த்தாள். பலூன் இருந்த இடத்தில், பலகையின் மேல்வரியில், அதுவரை மறைந்திருந்த இங்கிலீஷ் எழுத்து. நர்சிங் ரூம்.

நர்சிங். அடப் பாவிகளா. பால் குடுக்கிறதுக்கும் நர்சிங், நர்சு வேலைக்கும் நர்சிங். எவனோ ஒருத்தன், ஊசியை நினைத்துக்கொண்டு தமிழ் எழுதியிருக்கிறான். இரண்டு தடவை இந்தக் கதவைத் தாண்டி நடந்திருக்கிறாள். சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. கதவைத் தள்ளினாள். உள்ளே சாய்வு நாற்காலிகள், இளமஞ்சள் திரை, கைகழுவும் தொட்டி, அவற்றின் மேலும் கீழும் அட்டைப் பெட்டி அட்டைப் பெட்டியாகப் பலூன், பரிசுப் பை, மேடைக்குப் போக மிஞ்சிய நாற்காலி. யாரும் வராத அறை, அதனால் குடோன். உட்கார ஒரு சாண் இடமில்லை. "அக்கா! எங்கல்லாம் தேடறது?" என்று ப்ரவீணா மூச்சிரைக்க ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள். "வாங்க வாங்க, அடுத்து நீங்கதான். ஏன்க்கா பாப்பா அழுதுச்சா? மூணு வரிதான், மூணாவது வரிய மட்டும் விட்டுராதீங்க, ஓனர் சார் ஆசையாப் போட்டது." மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். ஓனர் ரத்தினசபாபதி, பாத்திரக் கடை வைத்து முன்னுக்கு வந்தவர், பட்டு வேட்டியில் வெள்ளிக் குடம் மாதிரி உட்கார்ந்திருந்தார். இப்போது அறை இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. ஆக, மூன்றாவது வரி முழுப் பொய்யில்லை, முக்கால் பொய். பெட்டிகளை நாளைக்கு எடுத்துவிடுவார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தனியாக, மெதுவாக, சார் அந்தப் போர்டு. அதுதான் புத்திசாலித்தனம். அருள்தாஸும் அதைத்தான் சொல்லுவான். மாதம் பிறந்தால் டிங். கரூர்க்காரி. டிங். இந்தக் கூட்டத்தில் எத்தனை இடுப்புகளில் எத்தனை பாப்பா, எல்லாம் அந்தக் கதவைத் தாண்டித்தானே வந்திருக்கும், எங்கே போய்க் கொடுத்திருப்பார்கள், எந்தக் கிரேட்டில்? அவள் பெயரைக் கத்திவிட்டான். வெளிச்சம். கைதட்டல். ஜோ அதைப் பார்த்துத் தன் இரண்டு கையையும் தட்டியது, இப்போதெல்லாம் சரியாகத் தட்டுகிறது. பந்துக் குளத்தைப் பற்றிச் சொன்னாள். பாதுகாப்பைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது வரி நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது, துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. ப்ரவீணா கீழே நின்று வாயசைத்தாள், நானும் என் பாப்பாவும். "நானும் என் பாப்பாவும்" என்றாள் ஜெசிந்தா, "இப்பத்தான் படிக்கட்டுல உக்காந்து பால் குடுத்துட்டு வர்றோம்."

ப்ரவீணாவின் வாயசைப்பு பாதியில் நின்றது. மேடை ஏறுவதற்கு முன் இருந்த பயமெல்லாம் அந்த ஒரு நொடிக்குள் மொத்தமாக வந்து நின்றது, போச்சு, எல்லாம் போச்சு, சோப்புக்கூட இனிமேல் கிடையாது என்று ஒரு குரல் உள்ளே சொன்னது, ஆனால் வாய் அதைப் பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே போனது. "நீங்கல்லாம் எங்க போய்க் குடுத்தீங்க?" பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள், "கீழ சுடிதார் கடை டிரையல் ரூம்ல! வெளிய நின்னு கதவத் தட்டிட்டே இருந்தான்க்கா!" இன்னொருத்தி, "பாத்ரூம்ல நின்னுக்கிட்டு! தாழ்ப்பாள் இருந்துச்சு, அது வரைக்கும் சந்தோசம்!" சிரிப்பு கிளம்பியது. முன்வரிசையில் மாம்பழ மஞ்சள் பட்டுக் கட்டின சின்னப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு, கையைப் பாதி தூக்கி, "நான் கார்ல" என்றாள். எல்லாரும் ஓனரைப் பார்த்தார்கள். ஓனரின் மருமகள் அவள். "ஏம்மா, அதுக்குன்னு ரூமு கட்டியிருக்கேன்ல?" என்றார் ரத்தினசபாபதி, மைக் இல்லாமலே மைக்கில் விழுகிற குரலில். "எங்க இருக்கு மாமா? நான் பாக்கலயே." ஜெசிந்தாவுக்கு உடம்பு லேசாகிவிட்டது, பிரசவம் முடிந்து ஜோவின் முதல் அழுகையைக் கேட்ட மாதிரி லேசாகிவிட்டது. "இருக்குங்க. நம்ம எல்லாரும் அதத் தாண்டித்தான் வந்தோம். செவிலியர் அறைன்னு போர்டு போட்டிருக்கு." "அது நர்சம்மா ரூம் இல்லியா?" என்றாள் மருமகள். "நானும் அப்படித்தான் நெனச்சேன். உள்ள போனா யாராவது ஊசி போட்டுருவாங்கன்னு பயந்து ஓடி வந்துட்டேன்." கூடம் இடிந்துவிடும் போல் சிரித்தார்கள். குழந்தைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தன. மருமகள் பட்டுத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். ரத்தினசபாபதி சிரிக்கவில்லை. பலகையை எழுதியவன் யார் என்று கூட்டத்துக்குள் தேடுகிற கண்ணோடு உட்கார்ந்திருந்தார். அவர் சிரித்தால் என்ன, சிரிக்காவிட்டால் என்ன. ஜோ மறுபடி சட்டைப் பொத்தானைக் கடிக்க ஆரம்பித்தது. "பாப்பாவுக்குப் பாதி வயிறுதான் ஆச்சு. நான் அந்த ரூமுக்குப் போறேன். வர்றவங்க வாங்க" என்று மைக்கை மைக்காரன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது, கொலுசும் வளையலும் சிணுங்கலுமாக ஒரு தேரே பின்னால் வருகிறது.

பெட்டிகளை வெளியே தூக்கிப் போட ஆண் பிள்ளை யாரும் தேவைப்படவில்லை. ஒருத்தி குழந்தையைப் பக்கத்தில் நிற்பவளிடம் கொடுப்பாள், ஒரு பெட்டியைத் தூக்குவாள், அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். நடைவழி முழுக்கப் பலூன் உருண்டது. இரண்டு பேர் திரையை இழுத்து விட்டார்கள். சாய்வு நாற்காலி நல்ல நாற்காலிதான், செலவு செய்து வாங்கியிருக்கிறார் மனுஷன், முதுகு அதில் சாய்ந்ததும் பல மாத வலி ஒன்று முனகிக்கொண்டே இறங்கியது. பக்கத்து நாற்காலியில் மருமகள். எதிரே டிரையல் ரூம்காரி, அவள் துறையூராம், ஜெசிந்தாவின் பதிவைப் பார்த்துத்தான் முதல் தடவையாகத் தனியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே கிளம்பினாளாம், சொல்லும்போதே கண் கலங்கியது, உடனே மூக்கை உறிஞ்சிக்கொண்டு "பலூன் ஒண்ணு சும்மா எடுத்துக்கலாமாக்கா?" என்றாள். யாரும் பேசாத ஒரு நிமிஷத்தில் அறை முழுக்கக் குழந்தைகள் விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது. மடக் மடக் என்று, சின்னச் சின்னதாக. ஜெசிந்தா கண்ணை மூடினாள். பணம் வரும், வராமல் போகும், அது வேறு கணக்கு. கதவு இடுக்கில் ப்ரவீணாவின் தலை தெரிந்தது, வேர்த்து மை கரைந்திருந்தது. "அக்கா, ஓனர் சார் வெளிய நிக்கிறார். ஒப்பந்தத்தக் கையிலயே வச்சிட்டு. இந்த மாடில இருக்கிற எல்லாப் போர்டையும் நீங்களே எழுதித் தரணுமாம், அதுக்குத் தனியாப் பேசிக்கலாமாம். இப்பவே கையெழுத்துப் போட்டுட்டா அவர் கிளம்பிருவாராம், என்ன சொல்லட்டும்?" மருமகள் இவளைப் பார்த்தாள். துறையூர்க்காரி பார்த்தாள். ஜெசிந்தா குனிந்து ஜோவைத் தூக்கித் தோளில் போட்டு, முதுகை நீவி, ஓர் ஏப்பம் வரும் வரை அவசரமில்லாமல் காத்திருந்தாள். வந்தது. பிறகு குழந்தையை மெதுவாகக் கை மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"நிக்கச் சொல்லு" என்றாள். "இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கு."